வண்டிக் கொட்டகையின் இரும்புக் கதவு

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் வேளையில் நம் கடலோர ஊர்களில் வண்ணம் பூசாத வீடு அரிது. சுவர், சன்னல், படிக்கட்டு எல்லாம் முடிந்தபின், டப்பாவின் அடியில் எஞ்சியிருக்கும் எனாமலைக் கொண்டு வண்டிக் கொட்டகையின் இரும்புக் கதவுக்கும் ஒரு கை பூசிவிடுவது பல குடும்பங்களின் வழக்கம். விழா நாளில் அக்கதவு பளபளக்கிறது. உயிர்ப்பு விழா வருவதற்குள் அதன் அடிப்பாகத்தில் பூச்சு கொப்பளிக்கிறது. கோடை விடுமுறையில் விரலால் தொட்டாலே ஏடு ஏடாக உதிர்கிறது. “கடற்காற்று அப்படி, என்ன செய்வது?” என்று கூறி, அடுத்த டிசம்பரில் அதன் மேலேயே மற்றொரு பூச்சு ஏறுகிறது.

பழி முழுவதையும் கடற்காற்றின் மீது சுமத்துவது முறையன்று. உப்புக் காற்று இரும்புக்குப் பகை என்பது உண்மையே. ஆனால் நாம் பூசும் காலமும் பூசும் முறையும் அப்பகைக்குத் துணை போகின்றன. இதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. வண்ணம் உதிர்வது நம் கண்ணுக்குத் தெரிகிறது. கீல் தேய்வதும், சக்கரம் தடம் விலகுவதும், ஷட்டரின் சுருள்வில் தளர்வதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆள் உயரத்தையும் மிஞ்சிய அந்த இரும்புச் சுமையின் அருகில்தான் நம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ஆதலால் கதவின் அழகையும் பிள்ளைகளின் பாதுகாப்பையும் சேர்த்தே இங்கு எண்ணிப் பார்ப்போம்.

துரு பிறக்கும் விதம்

இரும்பு துருப்பிடிப்பதற்குக் காற்றிலுள்ள பிராணவாயுவும் நீரும் ஒருங்கே வேண்டும். இரண்டில் ஒன்றை விலக்கினாலும் துரு தோன்றாது. இவை இரும்பைத் தொடாதவாறு மெல்லிய ஆடைபோல் மூடி நிற்பதே வண்ணப் பூச்சின் முதற் கடமை. அழகு அதற்கு அடுத்ததே. ஆயினும் எந்தப் பூச்சும் நீர் அறவே புகாத ஒன்றன்று. சிறிதளவு ஈரம் அதனூடே கசியத்தான் செய்யும். பூச்சுக்கு அடியில் உப்பு தங்கியிருக்குமானால், அது அந்த ஈரத்தைத் தன்பால் இழுக்கும். நீர் சேருமிடத்தில் கொப்புளம் எழும். கொப்புளத்தின் அடியில் துரு தொடங்கும். துருவோ, தான் உண்ட இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைப்பது. அது பருக்கப் பருக்க மேலுள்ள பூச்சு விரிந்து பிளக்கும். பிளந்த வாயின் வழியே மேலும் நீர் புகும். உப்பையும் துருவையும் உள்ளே வைத்து மேலே வண்ணம் பூசுவது, புரையோடிய புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்கு ஒப்பாகும்.

கடற்காற்றினின்று இரும்பைக் காக்கவே இயலாது என்பாருக்குப் பாம்பன் பாலம் தக்க விடை கூறும். 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்த இரயில் பாலம், இருபுறமும் கடல் அலைக்க நின்று, நூறாண்டுகளுக்கு மேல் வண்டிகளைச் சுமந்தது. ஓயாத கண்காணிப்பும் விடாத வண்ணப் பூச்சுமே அதன் ஆயுளை நீட்டித்தன. அத்தகைய பாலமும் முடிவில் தளர்ந்து, 2022 டிசம்பரில் அதன்மேல் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. துருவை என்றென்றைக்குமாக வெல்ல யாராலும் இயலாது. ஆனால் முறையான பராமரிப்பால் அதனை ஒரு தலைமுறைக் காலம் தள்ளி வைக்க இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கடலுக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவையும் நாம் கருத வேண்டும். கரையை ஒட்டிய தெருக்களில் காற்றிலுள்ள உப்பு மிகுதி. உள்ளே செல்லச் செல்ல அது விரைந்து குறைகிறது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையம் அமைத்து உலோக அரிப்பை ஆராய்ந்து வந்திருப்பது, நம் கரைகளில் இச்சிக்கல் எத்துணைப் பெரியது என்பதைக் காட்டும். அலையோசை கேட்கும் வீட்டின் கதவை ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும். உள்நாட்டு ஊர்களில் ஒருமுறை செம்மையாகப் பூசியது பல ஆண்டுகள் நிற்கும்.

எந்த மாதத்தில் பூசுவது?

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரைகளில் பெய்கிறது. நாம் கதவுக்கு வண்ணம் பூசுவதோ பெரும்பாலும் அந்த டிசம்பரில்தான்! காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டை மிஞ்சும்போது பூசலாகாது என்பது இத்தொழில் வல்லாரின் விதி. மழை விட்ட நாளிலும் இரவில் இரும்பு குளிர்ந்து அதன்மேல் பனிநீர் படியும். கண்ணுக்குப் புலப்படாத அந்த ஈரத்தின்மேல் பூசிய வண்ணம் ஒட்டுவதில்லை.

தவக்காலமும் உயிர்ப்பு விழாவும் வரும் மாசி, பங்குனி மாதங்களே இவ்வேலைக்கு ஏற்றவை. அப்போது மழை அரிது. கத்திரி வெயிலும் தொடங்கியிராது. ஆனி, ஆடியில் தென்மாவட்டங்களில் வீசும் பெருங்காற்று ஈரப் பூச்சின்மேல் மணலை வாரி இறைக்கும். குமரி மாவட்டத்திலோ அப்போது தென்மேற்குப் பருவமழையும் உண்டு. நாளின் எந்த வேளை என்பதும் முக்கியமே. காலைப் பனி உலர்ந்தபின் தொடங்கி, இரும்பு சூடேறுமுன் நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்ளங்கையை வைத்து எடுக்கும் அளவுக்குச் சுடும் தகட்டில் பூசினால் மேற்பரப்பு உடனே காய்ந்து, உட்புறம் காயாமல் கொப்பளிக்கும்.

இதில் நம் கடமை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். விழாவுக்கு மூன்று நாள் முன்னதாகப் பெயிண்டரை அழைத்து, “நாளைக்குள் முடித்துவிடு” என்று நெருக்கினால், துருவைச் சுரண்ட அவருக்கு ஏது நேரம்? பின்னர் வண்ணம் உதிர்ந்தால் அவர் வேலை சரியில்லை என்று குறை கூறுவது நீதியாகாது. பணி நெருக்கடி இல்லாத மாதத்தில் அழைத்து, சுரண்டும் நாளுக்கும் சேர்த்துக் கூலி பேசினால், வேலையும் திருந்தும். வேலையற்ற மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு வருவாயும் கிட்டும்.

கழுவுதல்

முதல் வேலை கழுவுதல். மழை படும் பகுதியைவிட, மழை படாத பகுதியே விரைவில் துருப்பிடிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மழைநீர் உப்பைக் கழுவிச் செல்கிறது. கூரையின் கீழ் ஒதுங்கி நிற்கும் ஷட்டரின் மேற்பகுதியிலும், கதவின் உட்புறச் சட்டங்களிலும் உப்பு படிந்துகொண்டே இருக்கிறது. அதை நீக்குவார் இல்லை. ஆகவே கரையோர வீடுகளில் மாதம் ஒருமுறையேனும் இவ்விடங்களை நீர்விட்டுத் துடைத்தல் நலம்.

அந்த நீர் நல்ல நீராக இருக்க வேண்டும். நம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்புக் கரிப்பது. அதனால் கழுவினால் உப்பை எடுத்து உப்பை வைத்ததாகும். குடிநீர் கிடைப்பது அரிதான ஊர்களில், பழைய துணியை ஒரு வாளி நல்ல நீரில் நனைத்துப் பிழிந்து துடைத்தாலே போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிறிது சோப்புக் கரைசல் சேர்க்கலாம். பின் சோப்பு தங்காமல் துடைக்க வேண்டும். கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டை ஊற்றித் துருவை நீக்குவோர் உளர். அது துருவைக் கரைப்பது போலத் தோன்றினாலும், இடுக்குகளில் தங்கி இரும்பை மீண்டும் அரிக்கும். கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. பிளீச்சிங் பவுடரும் அவ்வாறே. கழுவிய கதவை ஒரு நாள் முழுதும் உலரவிட வேண்டும்.

சுரண்டுதல்

உலர்ந்தபின் உதிரும் பூச்சைத் தகட்டுச் சுரண்டியால் எடுத்து, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, பின் உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை முழுவதும் அகற்றத் தேவையில்லை. அதன் விளிம்பு தட்டாதவாறு தேய்த்தால் போதும். வெல்டிங் செய்த இணைப்புகளில் கரிக்கட்டி போன்ற கசடு ஒட்டியிருந்தால் சிறு சுத்தியால் தட்டி நீக்க வேண்டும். புதுக் கதவில் முதலில் துருப்பிடிப்பது அவ்விடமே.

சதுரக் குழாய்களால் செய்த கதவானால், அடிச்சட்டத்தைச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல குழாய் கணீரென ஒலிக்கும். உள்ளே நீர் தேங்கி அரித்த குழாய் மந்தமாக ஒலிக்கும். சில வேளை சுத்தியே உள்ளே இறங்கிவிடும். அத்தகைய துண்டை வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டுமேயன்றி, பட்டி வைத்து மறைக்கலாகாது. குழாயின் மேல்முனைகளை மூடி, அடியில் நீர் வடியச் சிறு துளையிட்டால் இச்சேதம் வராது.

பழைய கதவைச் சுரண்டும்போது எச்சரிக்கை ஒன்று தேவை. முற்காலத்து வண்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றில் ஈயம் இருக்கக் கூடும் என்றே கருதி நடப்பது நலம். ஆகவே அவற்றை உலரத் தேய்க்காமல், நீர் தொட்டுத் தேய்க்கும் எமரித் தாளால் தேய்க்க வேண்டும்; நெருப்பு காட்டி உரிக்கவே கூடாது. குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையும் அருகில் விடலாகாது. தரையில் பழைய சாக்கை விரித்து, உதிர்ந்தவற்றைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும், தோட்டத்தில் கொட்டலாகாது. வேலை செய்பவர் முகத்துக்குத் தூசி தடுக்கும் உறை அணிவதும், உண்ணுமுன் கைகழுவுவதும் கட்டாயம்.

பூசுதல்

நீர் தொட்டுத் தேய்த்த இடங்களைத் துடைத்து நன்றாக உலர்த்தியபின், அன்றே முதற்பூச்சு பூசிவிட வேண்டும். கடற்கரையில் திறந்த இரும்பு ஓரிரவு கிடந்தாலும் மறுநாள் சிவந்துவிடும். சாதாரண இரும்புக்கு நாம் அறிந்த ரெட் ஆக்சைடு ஏற்றது. அதன் செந்நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. ஈயத்தால் செய்த பழைய செந்தூரப் பூச்சு வேறு. முதலில் விளிம்புகள், மூலைகள், வெல்டிங் இணைப்புகள், மரைகள் ஆகியவற்றுக்குச் சிறு பிரஷால் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு, பின்னரே முழுக் கதவுக்கும் பூச வேண்டும். கூரிய விளிம்பில் வண்ணம் நில்லாமல் விலகி மெலிவதால், துரு அங்கேதான் தொடங்கும். கடலோரத்தில் ரெட் ஆக்சைடு இருமுறை பூசுதல் நலம். அது தனித்து நின்று மழையைத் தாங்காது. வாரக்கணக்கில் அப்படியே விடாமல் மேற்பூச்சைத் தொடர வேண்டும்.

மேலே எனாமல் இரண்டு பூச்சு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஓரிரவாவது காயவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் தூசி துடைக்க வேண்டும். வண்ணம் நீண்டு வர வேண்டுமென்று மண்ணெண்ணெய் கலப்பது பெருந்தவறு. டர்பன்டைனையும் டப்பாவில் குறித்த அளவுக்கு மேல் சேர்க்கலாகாது. நீர்த்த பூச்சு மெலிந்து விரைவில் தேய்ந்துவிடும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள் உறுதியானவை.

துத்தநாகம் பூசிய தகட்டுக் கதவுகளுக்கு இம்முறை பொருந்தாது. புதிய ஷட்டர்கள் பல இவ்வகையின. இவற்றின்மேல் எனாமலை நேரே பூசினால், அதிலுள்ள எண்ணெய்ப் பொருளும் துத்தநாகமும் கலந்து ஒருவகைச் சோப்பாக மாறுகின்றன. சில மாதங்களில் பூச்சு தோல்போல் உரிந்துவிடும். இத்தகட்டுக்கென்றே விற்கும் பிரைமரைக் கேட்டு வாங்கிப் பூசியபின்தான் எனாமல் பூச வேண்டும்.

ஷட்டரின் தனித் தேவைகள்

சுருண்டு ஏறும் ஷட்டரை முழுவதும் இறக்கி வைத்தே பூச வேண்டும். நன்றாகக் காயுமுன் ஏற்றினால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏடுகளின் மடிப்புகளில் வண்ணம் தேங்கலாகாது. இருபுறமும் ஷட்டர் ஓடும் பள்ளத்தில் வண்ணம் படவே கூடாது. அப்பள்ளத்தில் கிரீஸை அப்புவது நம்மிடையே பரவலான வழக்கம். மணலும் தூசியும் அதில் ஒட்டி உப்புத்தாள்போல் தகட்டைத் தேய்த்துவிடும். பழைய பிரஷால் பள்ளத்தைத் துடைத்து, மெழுகுத் துண்டை மேலும் கீழும் தேய்த்தாலே ஷட்டர் இலகுவாக ஓடும்.

மேலே உருளைக்குள் இருக்கும் சுருள்வில் முறுக்கேற்றி வைக்கப்பட்டது. ஷட்டரின் பாரத்தைத் தாங்குவது அதுவே. முன்பு எளிதில் ஏறிய ஷட்டர் இப்போது பாரமாக ஏறினாலும், பாதியில் நில்லாமல் தானே இறங்கினாலும், வில் தளர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். அதை நாமே கழற்ற முயலலாகாது. முறுக்கு விடுபடும் வேகத்தில் கை எலும்பு முறியக் கூடும். ஷட்டர் மெக்கானிக் வந்து பார்க்கும் வரை, அதனை இறக்கியே வைத்திருக்க வேண்டும்.

பிள்ளைகளும் கதவும்

இனி எல்லாவற்றினும் முதன்மையானது. வண்டி நுழையுமளவு அகன்ற இரும்புக் கதவை ஒரு பெரியவர் தூக்கி நிறுத்த இயலாது. அது சாய்ந்தால் ஒரு குழந்தைக்கு உயிராபத்து. பக்கவாட்டில் தள்ளும் கதவே இவற்றுள் மிக அபாயமானது. அதை நிற்க வைப்பவை மூன்றே: கீழே சக்கரங்கள் ஓடும் தடம், மேலே அதைச் சாயாமல் பிடிக்கும் உருளைகள், இரு முனைகளிலும் அது தடத்தை விட்டு ஓடாமல் தடுக்கும் தடைகள். இம்மூன்றில் ஒன்று தவறினாலும், வேகமாகத் தள்ளும்போது கதவு தடம் விட்டுச் சாயும். முனைத் தடையாக ஒரு செங்கல்லை வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அவர்கள் இன்றே ஒரு வெல்டரை அழைத்து இரும்புத் தடை வைப்பார்களாக.

கீலில் ஆடும் கதவானால், அதைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால் கீல் தேய்ந்திருப்பது தெரியும். கதவு தரையில் உரசினாலும், தூணில் கீல் பதித்த இடத்தில் வெடிப்பு கண்டாலும், தூணின் பிடிப்பு தளர்கிறது என்று பொருள். கதவின் குறுக்குக் கம்பியில் ஏறி நின்று ஊஞ்சலாடுவது பிள்ளைகளுக்கு இன்பம். அந்த இன்பத்தை நாம் கண்டிப்புடன் மறுக்க வேண்டும். அவர்களது எடையைத் தாங்க அக்கீல் செய்யப்படவில்லை.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. வாயில் தூணில் விளக்கும் அழைப்பு மணியும் வைத்திருப்போம். அவற்றின் கம்பி தோல் உரிந்து இரும்புக் கதவைத் தொடுமாயின், மழைநாளில் ஈரக் காலுடன் கதவைத் திறப்பவரின் நிலை என்னாகும்? வண்ணம் பூசத் தொடங்கும் முன் மின் இணைப்பைத் துண்டித்து, ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு அக்கம்பிகளைச் சோதித்துக் கொள்ளுதல் நலம்.

மோட்டார் பொருத்திய கதவுகளும் இப்போது நம் ஊர்களில் பெருகி வருகின்றன. அமெரிக்க நாட்டில், வீட்டுக் கொட்டகைக் கதவின் மோட்டார்களில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததன் பின்னர், 1990ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தடை நேர்ந்தால் கதவு தானே திரும்ப வேண்டும். 1993 சனவரி முதல் செய்யப்படும் மோட்டார்கள் யாவும் அத்தகைய காப்பு உடையனவாக இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. நாமும் மோட்டார் வாங்கும்போது அவ்வசதி உண்டா என்று கேட்டே வாங்க வேண்டும். மேலிருந்து இறங்கும் கதவானால், பொருத்தியபின் அதன் வழியில் ஒரு மரக்கட்டையைக் கிடத்தி மூடிப் பார்க்கலாம். கட்டையைத் தொட்டதும் கதவு மேலே திரும்பாவிட்டால், அதைச் சரிசெய்யும் வரை மோட்டாரைப் பயன்படுத்தலாகாது.

ஆண்டுக் கடமை

சுருங்கக் கூறின், மாதம் ஒருமுறை நல்ல நீரால் துடைத்தல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கீலுக்கும் பூட்டுக்கும் சில துளி எண்ணெய் இட்டு, தடத்தின் மணலை அள்ளி, மரைகளை இறுக்குதல். மழைக்காலத்துக்கு முன் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தல். மாசி, பங்குனியில் துரு கண்ட இடங்களைச் சுரண்டி அவற்றுக்கு மட்டுமேனும் பூசுதல். இத்துணையே வேண்டுவது. சிறு துரு கண்டபோதே ஒரு கைப்பிடி ரெட் ஆக்சைடுடன் முடிந்துவிடும் வேலை, நான்காண்டு விட்டால் கதவையே மாற்றும் செலவாகிவிடும். வீட்டிலுள்ள இளைஞர்கள் தந்தையுடன் சேர்ந்து இதனைச் செய்யப் பழகுவார்களானால், பணமும் மிஞ்சும், கைத்தொழிலும் கைவரும்.

இவ்விதழை மடித்து வைக்குமுன், ஒருமுறை எழுந்து சென்று நம் வீட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்போம். அது இலகுவாக ஓடுகிறதா, முனையில் தடை உறுதியாக இருக்கிறதா, கீல் ஆடுகிறதா என்று கவனிப்போம். வண்ணம் மாசி மாதம் வரை காத்திருக்கலாம். தடையும் கீலும் அதுவரை காத்திருக்கலாகாது.